முகவரி இல்லாத கணினி

பொறியொன்று பழுதுபட்டுவிட்டது என்று கூறுதல் எளிது. பழுது எங்கேயுள்ளது என்று கூறுதலே அரிது. தனித்து இயங்கும் பொறியாயின் அதன் குறை அதனுள்ளேயே இருக்கும். தையற் பொறியின் ஊசி முறிந்தால் ஊசியை மாற்றலாம். ஆனால், பலர் கூடிப் பயன்படுத்தும் வலையமைப்பொன்றிலே இணைந்து இயங்கவேண்டிய கணினியின் நிலை வேறு. குறை பொறியிலும் இருக்கலாம், வழியிலும் இருக்கலாம், வழியைப் பங்கிட்டுக் கொடுப்பவரின் கணக்கிலும் இருக்கலாம். இம்மூன்றனுள் கடைசியானதை எவரும் முதலிற் சந்தேகிப்பதில்லை. கணினி பழையதாகவும் அதனை வைத்திருப்பவர் வறியவராகவும் இருந்துவிட்டால், முதலாவதற்கு மேலே ஆராய்வதற்கே எவரும் முன்வருவதில்லை. 2021ஆம் ஆண்டில் ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே நேர்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இதனை நன்கு விளக்கும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருவீதி பெரகலைச் சந்தியை அடைவதற்கு முன்னர் ஹல்துமுல்லையைக் கடக்கிறது. வீதிக்கு மேலே மலை, கீழே பள்ளம். தெளிந்த நாள்களில் தெற்கே தாழ்நிலம் முழுவதும் விரிந்து கிடப்பதைக் காணலாம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவிலே லயங்கள் புதையுண்ட கொஸ்லாந்தை மீரியபெத்தையும் இந்தப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்ததே. இத்தகைய சரிவுகளிலே தொலைபேசி அலை சென்று சேரும் இடமும் சேராத இடமும் பத்தடி தூரத்துக்குள் மாறிவிடும். லயத்தின் ஒரு கோடியிலே பேச்சுக் கேட்கும். மறுகோடியிலே கருவி ஊமையாகிவிடும்.

கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டிருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளிலே இந்தப் பத்தடி வேறுபாடு ஒரு பிள்ளையின் கல்வியையே தீர்மானிப்பதாயிற்று. பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த போகிட்டியாவ கிராமத்து மாணவர்கள் அலை தேடிக் காட்டு வழியே நடந்து பாறையேறிப் பாடம் படித்ததை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் வெளியிட்டன. பல்கலைக்கழக மாணவர்க்கு ஓர் ஆறுதல் இருந்தது. நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் வாயிலாக 'சூம்' விரிவுரைகள் நடத்தப்பட்டன. அவற்றுக்குத் தரவுக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைபேசி நிறுவனங்களும் ஒரு காலம் இணங்கியிருந்தன. ஆனால், கட்டணமின்றித் திறந்திருக்கும் வாசலுக்கும் வழி இருக்கவேண்டுமன்றோ?

கலைப்பீடத்து முதலாண்டு மாணவி ஒருத்தியின் வீடு மேற்கணக்கு லயத்திலே நான்காவது காம்பிரா. தந்தை கவ்வாத்துத் தொழிலாளி. தாய் கொழுந்து பறிப்பவர். வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி சாதாரண தரம் பயிலும் தம்பியின் வகுப்புக்கு உரியதாயிருந்தது. அவளுக்கெனக் கொழும்பிலே கடையொன்றிற் கழித்துவிடப்பட்ட மேசைக் கணினியொன்று வாங்கப்பட்டது. அது லொறியொன்றிலே பெரகலைக்கு வந்து, அங்கிருந்து சாக்குச் சுற்றித் தோளிலே சுமந்து கொண்டுவரப்பட்டது. கடைசிக் காம்பிராவிலே வசித்த பெரியம்மாவின் வீட்டுச் சன்னலில் ஒரு ரவுட்டர் இருந்தது. எதிர்ச்சரிவிலுள்ள கோபுரம் அந்தச் சன்னலுக்கு மட்டுமே நேராகத் தெரியும். கட்டாருக்குத் தொழிலுக்குச் சென்ற அவருடைய மகன் போகுமுன் வாங்கிப் பொருத்திவிட்டுப் போனது அது. மாதக் கட்டணத்தை லயத்தவர் பங்கிட்டுக் கொடுப்பர். அந்த வைபை ஒன்பது குடும்பத்துக்கும் பொது. குடிநீர்க் குழாய் ஒன்றை ஒன்பது குடும்பம் பகிர்ந்து பழகிய இடத்திலே இது புதிய ஏற்பாடன்று.

மூன்று வாரம் ஒழுங்காக இயங்கிய கணினி, பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில் இணைய மறுத்தது. திரையின் மூலையிலே 'இணைக்கப்பட்டுள்ளது. இணையம் இல்லை' என்ற வாசகம் வந்து நின்றது. இணைந்தும் இணையாத இந்த நிலையே குழப்பத்துக்கு வித்து. கடவுச்சொல் பிழையாயின் உள்ளேயே விட்டிராது. அலை இல்லையாயின் பெயரே தோன்றியிராது. பரீட்சையோ மூன்று மணி நேரம். விடைகளைத் தட்டெழுதிப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றவேண்டும்.

லயத்தார் ஆளுக்கொரு காரணம் கூறினர். பழைய மெஷின் என்றார் ஒருவர். மலையின் குறை என்றார் மற்றொருவர். வைரஸ் புகுந்துவிட்டது என்பது மூன்றாமவரின் முடிபு. யாவரும் எடுத்துக்காட்டிய சான்று ஒன்றே: அதே வீட்டிலே, அதே வைபையிலே, தம்பியின் திறன்பேசி குறையின்றி வேலை செய்தது! ஒன்று வேலை செய்ய மற்றொன்று வேலை செய்யாவிடின், வேலை செய்யாததிலேதானே குறை இருக்கவேண்டும்? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்திலே ஓர் ஓட்டை உண்டு. ஒரே வாசலிலே ஒருவன் உள்ளே இருப்பதும் மற்றவன் வெளியே நிற்பதும் உள்ளே இருப்பவனின் தகுதியைக் காட்டும் சான்றாகாது. அவன் முந்தி வந்தவன் என்பதை மட்டுமே அது காட்டலாம். தோட்டப்பகுதிப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருவோர் தொகை குறைவாயிருப்பதற்கு அப்பிள்ளைகளின் திறமையையே காரணங்காட்டுவோரும் இதே வாதத்தைத்தான் கையாள்கின்றனர்.

ஊரடங்கினாற் கொழும்பிலிருந்து திரும்பியிருந்த அயல்வீட்டு இளைஞன், அங்கே தொலைபேசி திருத்தும் கடையொன்றிலே வேலை பார்த்தவன். அவன் வந்ததும் கணினியைக் கழற்றவில்லை. முதலிலே கேள்விதான் கேட்டான்.

"தங்கச்சி, கடைசியா எப்ப வேல செஞ்சிச்சு?"

"முந்தாநாள் ராத்திரி அண்ணே. காலையில கரண்டு போயி வந்திச்சு. அப்புறம் இல்ல."

மின்சாரம் போய் வந்த செய்தியை அவன் மனத்திற் குறித்துக்கொண்டான். பின்னர்த் தன்னுடைய புதிய திறன்பேசியை எடுத்தான். அது அந்த லயத்து வைபையை அதுவரை அறியாதது. அவன் தன் சொந்தத் தரவையே பயன்படுத்தி வந்தவன். கடவுச்சொல்லைக் கொடுத்தான். அதுவும் இணைந்து, இணையம் இல்லை என்று நின்றது. பல ஆயிரம் ரூபாய் பெறுமதியான புதுக் கருவிக்கும் கழித்துவிடப்பட்ட கணினிக்கும் ஒரே கதி நேர்ந்ததைக் கண்டதும் பழைய மெஷின் என்ற குற்றச்சாட்டு தானாக விழுந்தது.

அடுத்து, கணினியின் கறுப்புத் திரையிலே 'ஐபிகொன்பிக்' என்ற கட்டளை இடப்பட்டது. கணினி தன் முகவரியைச் சொல்லிற்று: 169.254 என்று தொடங்கும் நான்கு எண்கள். பழுதின் முழு வரலாறும் இந்த எண்ணில் அடங்கியிருந்தது எனலாம். வீட்டு வலையமைப்பொன்றிலே கருவிகளின் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இம்முகவரிகள் உள்ளூரிலே மட்டும் செல்லுபடியாவன. கருவியொன்று வந்து சேர்ந்ததும், 'எனக்கொரு முகவரி தருக' என்று வலையமைப்பை நோக்கிக் கூவும். ரவுட்டர் தன் பதிவேட்டைப் பார்த்து வெறுமையாயுள்ள எண்ணொன்றைக் கொடுக்கும். 1993இல் வகுக்கப்பட்ட இந்த முறைமை டிஎச்சிபி எனப்படும். கொடுக்கப்படும் எண் சொந்தமன்று. குறித்த காலத்துக்குக் குத்தகை மட்டுமே. காலத்திற் பாதி கழிந்ததும் கருவி குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளும். கூவியும் எவரும் எண் கொடாவிடின், கணினி 169.254 என்ற தொகுதியிலிருந்து ஓர் எண்ணைத் தனக்குத் தானே இட்டுக்கொள்கிறது. பக்கத்திலே அதே நிலையில் இன்னொரு கருவி இருந்தால் அதனோடு பேசலாம். அதற்கப்பால் எந்த ரவுட்டரும் அந்த முகவரியைச் சுமந்து செல்லாது.

இதனை இளைஞன் விளக்கிக்கொண்டிருக்கையில், வேலை முடிந்து வந்து இஸ்தோப்பிலே கவ்வாத்துக் கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்த தந்தை நிமிர்ந்து பாராமலே கூறினார்:

"செக்ரோல்ல பேரில்லாதவனுக்கு ஏது சம்பளம்? மல மேல நின்னு வேல செஞ்சாலும் பேர் விழுந்தாத்தானே கணக்கு."

கணினி விஞ்ஞானப் பாடநூல் பல பக்கங்களிலே சொல்வதை இவ்விரு வசனங்கள் சொல்லிவிட்டன. உண்மையில், தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவருக்கு இந்த வலையமைப்பு முறைமையில் விளங்காதது எதுவுமில்லை. உலகத்துக்கு வழங்கக்கூடிய பழைய வகை முகவரிகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 429 கோடி. 2011 பெப்ரவரி 3ஆம் திகதி அவற்றின் உலகளாவிய மையச் சேமிப்புத் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்பிரலில் ஆசிய பசுபிக் பிராந்தியமும் இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. முகவரி பஞ்சமானதும் செய்த ஏற்பாடு யாதெனில், பல கருவிகள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்வதாகும். லயம் முழுவதற்கும் வெளியுலகிலே ஒரு முகவரிதான். உள்ளேயிருந்து போகும் கடிதத்தை அனுப்பியது எந்தக் காம்பிரா என்று ரவுட்டர் குறித்துவைக்கும். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். ஆனால், உள்ளேயிருந்து எவரும் கேளாமல் வெளியிலிருந்து முதன்முதலாக வரும் கடிதம் யாருக்கு உரியது என்று அதற்குத் தெரியாது. அது வாசலிலேயே கைவிடப்படும்.

தோட்டத்துத் தபால் வேறு எவ்வாறு நடந்தது? வீட்டுக்கு வீடு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாமல், தோட்டத்தின் பெயரும் கணக்கின் பெயருமே ஆயிரம் பேருக்கு முகவரியாயின. தப்பால் பை தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து கங்காணி மூலமோ பிள்ளைகள் மூலமோ லயத்துக்கு வரும். சில வேளை வாராது. ஒரே பெயருள்ளவர் இருவர் இருந்தால் கடிதம் முந்தியவர் கைக்குப் போகும். எதிர்பார்த்திருக்கும் கடிதத்தைப் பற்றி ஆபீசிலே போய் விசாரிக்கலாம். எதிர்பாராது வரும் கடிதம் பற்றி எதனை விசாரிப்பது? நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், வங்கிக் கடிதம் என வாழ்க்கையை மாற்றக்கூடியவை யாவும் அவ்வகையினவே. நாள் கடந்து கைக்குக் கிடைத்த நேர்முக அழைப்பைப் பெட்டியிலே மடித்து வைத்திருக்கும் வீடுகள் மலையகத்திற் குறைவல்ல. இந்த மாணவியின் தாய்வழி மாமன் ஒருவருக்கும் அத்தகையதொரு கடிதம் உண்டு.

குத்தகை என்ற சொல்லும் இங்கே புதிதன்று. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் அரசின் கைக்கு வந்த தோட்டங்கள் 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. பின்னர் நீண்டகாலக் குத்தகையாயின. எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளக் கருவிக்கு இருக்கும் உரிமை கூட, லயத்துக் காம்பிராவிலே தலைமுறை தலைமுறையாக இருந்தவருக்கு எழுத்தில் இருக்கவில்லை. ஆயினும் ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தல் தகாது. ரவுட்டர் வஞ்சனையறியாதது, கொடுக்கச் சொன்ன எண்ணைக் கொடுப்பது. எத்தனை எண் கொடுக்கலாம் என்று அதற்குச் சொன்னவர் யார் என்பதே கேள்வி.

இளைஞன் அடுத்துச் செய்தது எளிய பரிசோதனை. பதிவேட்டைக் கேளாமல், 192.168.1.150 என்ற எண்ணைக் கணினியிலே கையால் எழுதினான். ரவுட்டரின் எண்ணை வாசலாகக் குறித்தான். பின்னர் 'பிங்' கட்டளையை இட்டான். இது 1983இல் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு கருவி. நீர்மூழ்கிகளைத் தேட ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் முறையிலிருந்து பெயர் பெற்றது. முதலில் ரவுட்டரை நோக்கி; எதிரொலி வந்தது. பிறகு வெளியுலகிலே 8.8.8.8 என்ற எண்ணை நோக்கி, அதுவும் வந்தது. பின்னர் எண்ணுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத் தளத்தின் பெயரைக் கொடுத்தபொழுதும் வந்தது. கணினி நன்று, வைபை நன்று, மலை நன்று, கோபுரமும் நன்று. பதிவேட்டிலேதான் இடமில்லை.

மாணவியைப் பொறுத்தவரை சிக்கல் அத்துடன் தீர்ந்தது, பரீட்சை எழுதலாம். ஆனால், அங்கேயே நின்றிருந்தால் உண்மையின் பெரும்பகுதி தெரிந்திராது. கணினியைச் சூழ்ந்து நின்றவர்களுள் ஏழாவது காம்பிராத் தாயொருவர் மெதுவாகக் கேட்டார்:

"எங்க புள்ளைங்க போன்லயும் இப்பிடித்தான் தம்பி காட்டுது. ஒரு கெழமயாச்சு. கவரேஜ் இல்லன்னு விட்டுட்டோம்."

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளையும் அதற்கு மூத்ததும். ஒரு கிழமையாக வகுப்பில்லை. ஆசிரியர் வரவில்லையென்று குறித்திருப்பார். தாயும் தந்தையும் மலையை நொந்து பேசாதிருந்துவிட்டனர். பல்கலைக்கழக மாணவிக்குக் கணினி இணையவில்லை என்றதும் திருத்துவதற்கு ஆள் வந்தார். ஐந்தாம் தரப் பிள்ளைக்கு இணையாதபோது எவரும் அதைப் பழுதாகவே எண்ணவில்லை. கண்டறியப்பட்ட குறைகளுள் இதுவே பாரதூரமானது.

ரவுட்டரின் உள்ளே புகுவதற்கு வேறொரு கடவுச்சொல் வேண்டும். அடியில் ஒட்டியிருந்த சீட்டிலுள்ளது செல்லவில்லை; மகன் மாற்றிவிட்டிருந்தான். பெரியம்மாவுக்கு அது தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல், கட்டாரில் வேலை முடிந்தபின், அவன் தொடர்புக்கு வந்தான். விவரம் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்து பின் சொன்னான்:

"பத்து பேருக்கு மேல விட்டா டேட்டா ரெண்டு கெழமையில முடிஞ்சிரும் மச்சான். அம்மாகிட்ட வந்து சண்ட புடிப்பாங்க. அதுதான் பத்தோட நிப்பாட்டுனேன்."

அவன் சொன்னது உண்மை. நூறிலிருந்து நூற்றொன்பது வரை பத்து எண்களே பதிவேட்டில் இருந்தன. அவன் புறப்பட்ட காலத்தில் லயம் முழுவதிலும் திறன்பேசி ஆறோ ஏழோதான். ஊரடங்கினால் கொழும்பிலே கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த பிள்ளைகள் வீடு திரும்பினர். ஆளுக்கொரு கருவியோடு வந்தனர். வந்தவை எண்களைப் பெற்றுப் பாதிக் காலத்திலே புதுப்பித்துக்கொண்டன. மின்சாரம் போய் வந்த காலையில் ரவுட்டரின் ஏடு புதிதாகத் திறக்கப்பட்டது. முதலிலே கூவியவை இடம் பெற்றன. மேசைக் கணினியோ யாரேனும் வந்து பொத்தானை அழுத்தும் வரை கூவ இயலாதது. ஏழாம் காம்பிராக் கருவி அதற்கு முன்னரே இடத்தை இழந்திருந்தது. எவரும் தீங்கு நினைக்கவில்லை. தாயைச் சண்டையிலிருந்து காக்க நினைத்த மகனின் கணக்கு, அவன் நினைத்திராத பிள்ளைகளின் வகுப்பை மூடிவிட்டது.

கடவுச்சொல்லை அவன் சொன்னான். பதிவேடு பத்திலிருந்து ஐம்பதாக்கப்பட்டது. குத்தகைக் காலம் ஒரு நாளிலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. போனவர் விட்ட எண் வந்தவருக்கு விரைந்து கிடைக்கும். படிக்கும் பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருவிக்கு நிலையான எண் ஒதுக்கப்பட்டது. இவ்வொதுக்கீடு கருவியின் பிறப்பெண்ணைக் கொண்டு செய்யப்படுவது. ஆதலால் மின்சாரம் போனாலும் மாறாது. தரவு முடிந்துவிடும் என்ற அச்சத்துக்கு எண்ணைக் குறைத்தல் மருந்தன்று என்பதனையும் அன்றிரவே பேசினர். வகுப்பு நேரத்திலே படம் பார்ப்பதில்லை என்று இளைஞர் ஒப்புக்கொண்டனர். மாதப் பங்கு சிறிது கூட்டப்பட்டது. அதிலே முறுமுறுப்பு இல்லாமற் போகவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்து சில மாதமே ஆகியிருந்தது. அரைப் பேர் போடும் நாள்களிலே அந்த ஆயிரம் ஏட்டிலேயே நின்றுவிடும்.

மாணவி பரீட்சை எழுதினாள். விடைகள் உரிய நேரத்துக்குள் ஏறின. ஏழாம் காம்பிராப் பிள்ளைகள் திங்கட்கிழமை வகுப்பிலே தோன்றினர். ஒதுக்கிய எண்களை இளைஞன் கொப்பித்தாள் ஒன்றிலே காம்பிரா வாரியாக எழுதிப் பெரியம்மா வீட்டுக் கதவின் பின்னே ஒட்டினான்: முதலாம் காம்பிரா 121, இரண்டாம் காம்பிரா 122 எனப் பன்னிரண்டாவது வரை. தன் காம்பிராவுக்கு 121 ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டதாகவும் சொல்வர். அவ்வாண்டு ஐப்பசி இடிமின்னலிலே ரவுட்டர் கருகிப்போயிற்று. இளைஞன் அதற்குள் கொழும்புக்குத் திரும்பிவிட்டிருந்தான். புதிய ரவுட்டர் வந்தபொழுது கதவின் பின்னிருந்த தாளைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகப் பதிந்தவள் அம்மாணவியே. புதிதாகத் திறன்பேசி வாங்கியிருந்த இரண்டு வீடுகளின் பெயரைத் தாளின் அடியிலே சேர்த்து எழுதவேண்டியிருந்தது.